இரும்பு நிறைந்த கடலும் இரத்தம் குன்றிய பெண்களும்

வளையச் சீல் எனப்படும் கடல்நாயின் இறைச்சி கருமை படர்ந்த சிவப்பாக இருக்கும். பனிப்பாளத்துக்கு அடியில் நெடுநேரம் மூச்சடக்கி நீந்தும் உயிரினம் அது. அதற்கு வேண்டிய உயிர்வளியைத் தன் தசைகளிலேயே சேமித்துக்கொள்கிறது. அந்தச் சேமிப்பு வேலையைச் செய்வது மயோகுளோபின் என்ற புரதம். அப்புரதத்தின் நடுவில் இருப்பது இரும்பு. அதனால்தான் நூறு கிராம் சீல் இறைச்சியில் ஏறத்தாழ 20 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. பெலுகா திமிங்கலத்தின் இறைச்சியில் இன்னும் கூடுதல், 25 மில்லிகிராம் அளவுக்கு. அதே எடை மாட்டிறைச்சியில் இரண்டு அல்லது மூன்று மில்லிகிராம்தான். 19 முதல் 50 வயது வரையுள்ள பெண்ணுக்கு நாளொன்றுக்கு 18 மில்லிகிராம் இரும்பு வேண்டும் என்பது வட அமெரிக்க ஊட்டச்சத்துப் பரிந்துரை. நூறு கிராம் சீல் இறைச்சி சாப்பிட்டாலே அந்தத் தேவை நிறைவேறிவிடும்.

இந்த இறைச்சியைத் தலைமுறை தலைமுறையாக உண்டு வாழ்ந்தவர்கள் இனுயிட் மக்கள். அலாஸ்காவின் வடபகுதி, கனடாவின் வடகோடி, கிரீன்லாந்து ஆகியவை அவர்களின் தாயகம். கனடாவில் மட்டும் 2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி 70,000 பேருக்குச் சற்று அதிகமாக வாழ்கிறார்கள். 2007, 2008 ஆண்டுகளில் அமுண்ட்சன் என்ற ஆய்வுக் கப்பலின் துணையோடு கனடாவின் 36 இனுயிட் ஊர்களில் ஆய்வு நடந்தது. கிரேஸ் ஏகலண்ட் தலைமையிலான ஆய்வாளர்கள் அந்த ஊர்களின் பெரியவர்களிடம் இரத்தம் எடுத்துச் சோதித்தார்கள், உணவைப் பற்றி விசாரித்தார்கள். கருவுற்றிராத பெண்களில் ஐந்தில் ஒருவருக்கு மேல் இரத்தசோகை இருந்தது. பத்தில் ஏறத்தாழ மூவருக்கு உடலின் இரும்புச் சேமிப்பு வற்றியிருந்தது. அதே கப்பல் 2004இல் கியூபெக் மாகாணத்தின் வடக்கிலுள்ள நுனாவிக் பகுதியின் 14 ஊர்களுக்கும் சென்றிருந்தது. அங்கே இரத்தசோகை பத்தில் நான்கு பெண்களைத் தொட்டிருந்தது.

உலகிலேயே இரும்பு மிகுந்த உணவுகளில் ஒன்று கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும் இந்தப் பெண்களின் உடலில் இரும்பு ஏன் இல்லை? உணவில் குறையா, உடலில் குறையா, அல்லது உணவு உடலைச் சென்று சேரும் வழியில் குறையா? முப்பது ஆண்டு ஆய்வுகளைச் சேர்த்துப் படித்தால் மூன்றாவது காரணமே முதன்மையானது என்பது என் முடிவு. அதற்கான சான்றுகளை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

அளப்பதில் உள்ள சிக்கல்

முதலில் அளவீட்டைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். ஹீமோகுளோபின் டெசிலிட்டருக்கு 12 கிராமுக்குக் கீழே போனால் கருவுறாத பெண்ணுக்கு இரத்தசோகை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. ஆனால் ஹீமோகுளோபின் குறைவதெல்லாம் இரும்புக் குறைவால்தான் என்று சொல்லிவிட முடியாது. உடலின் இரும்புச் சேமிப்பைக் காட்டுவது ஃபெர்ரிட்டின் என்ற புரதம். அது லிட்டருக்கு 15 மைக்ரோகிராமுக்குக் கீழே இறங்கினால் சேமிப்பு தீர்ந்துவிட்டது என்று பொருள். இந்த ஃபெர்ரிட்டினும் சில நேரம் ஏமாற்றும். உடலில் எங்காவது அழற்சி இருந்தால், சேமிப்பு இல்லாதபோதும் அதன் அளவு ஏறிக் காட்டும். அதனால்தான் நல்ல ஆய்வுகளில் அழற்சியைக் காட்டும் சோதனையையும் உடன் செய்கிறார்கள்.

இனுயிட் மக்களிடம் இந்தச் சிக்கல் இரட்டிப்பாகிறது. டென்மார்க்கின் நில்ஸ் மில்மன் குழு கிரீன்லாந்தில் செய்த ஆய்வுகளில், பழங்குடி கிரீன்லாந்தினரின் ஹீமோகுளோபின் டேனிஷ் மக்களுடையதைவிட இயல்பாகவே சற்றுக் குறைவாகத் தெரிந்தது. அப்படியானால் ஐரோப்பியர்களை வைத்து வகுத்த எல்லைக்கோடு நலமாக இருக்கும் சிலரையும் நோயாளிப் பட்டியலில் சேர்த்துவிடக்கூடும். இதற்கு எதிர்த்திசையில் இழுப்பது புகைபிடித்தல். இனுயிட் பெரியவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் புகைபிடிப்பவர்கள். புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு இரத்தத்தின் ஒரு பகுதியைப் பயனற்றதாக்க, உடல் அதை ஈடுகட்டக் கூடுதலாக ஹீமோகுளோபின் செய்கிறது. இதனால் உண்மையான இரத்தசோகை மறைந்துபோகலாம். ஆகவே ஒரு எண்ணை மட்டும் பார்த்துத் தீர்ப்பு எழுதக் கூடாது. இத்தனையையும் கணக்கில் எடுத்த பிறகும், சேமிப்பு வற்றிய பெண்களின் எண்ணிக்கை புறக்கணிக்க முடியாத அளவுக்கு இருக்கிறது.

வேட்டை உணவின் வலிமை

இறைச்சியிலுள்ள இரும்பில் ஒரு பகுதி ஹீம் வடிவில் இருக்கிறது. குடல் இதில் 15 முதல் 35 சதவீதம் வரை உறிஞ்சிக்கொள்ளும். தானியங்கள், கீரைகளில் உள்ள இரும்பு வேறு வடிவிலானது. அதில் உடலுக்குச் சேர்வது மிகக் குறைவு. தேநீரின் துவர்ப்புப் பொருள்கள் தாவர இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும், ஹீம் இரும்பை அவ்வளவாகத் தடுப்பதில்லை. சீல், வால்ரஸ், திமிங்கலம், கரிபு எனும் துருவ மான் ஆகியவற்றின் இறைச்சியில் ஹீம் இரும்பு மிகுதி.

காய்கனி விளையாத நிலத்தில் வைட்டமின் சி எங்கிருந்து வந்தது என்று பலர் கேட்பதுண்டு. அதற்கும் இந்த உணவிலேயே விடை இருக்கிறது. மக்தாக் எனப்படும் திமிங்கலத் தோலையும் அதன் கீழுள்ள கொழுப்பையும் பச்சையாக உண்பார்கள். நூறு கிராம் பச்சை மக்தாக்கில் 36 மில்லிகிராம் வைட்டமின் சி இருப்பதாக மெக்கில் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2002இல் வெளியிட்டார்கள். கரிபு ஈரலிலும் நல்ல அளவு உண்டு. வேகவைத்தால் அழிந்துவிடும் இந்த வைட்டமின், பச்சையாக உண்ணும் வழக்கத்தால் காப்பாற்றப்பட்டது.

மெக்கில் பல்கலைக்கழகத்தில் பழங்குடி மக்களின் உணவுக்கென ஒரு ஆய்வு மையத்தை உருவாக்கிய ஹேரியட் கூன்லைன், வடகோடி ஊர்களில் மக்கள் அன்றாடம் உண்பதைப் பல ஆண்டுகள் பதிவு செய்தவர். அவர் குழு கண்டறிந்தது எளிமையான உண்மை. ஒரு நாளில் ஒரு வேளையாவது வேட்டை உணவு கிடைத்தால், அன்று புரதமும் இரும்பும் துத்தநாகமும் கூடுகின்றன. சர்க்கரையும் மாவுச்சத்தும் குறைகின்றன. கிரீன்லாந்து ஆய்வுகளில் மரபுணவு அதிகம் உண்பவர்களின் ஃபெர்ரிட்டின் உயர்ந்திருந்தது. 2007-08 கனடா ஆய்வில் ஆண்களிடமும் ஜெனிஃபர் ஜேமிசன் குழு இதே தொடர்பைக் கண்டது. இரும்பைப் பொறுத்தவரை உணவின் மேல் குறை சொல்ல இடமே இல்லை. அந்த உணவு எவருக்கு எவ்வளவு கிடைக்கிறது என்பதில்தான் வேறுபாடு தொடங்குகிறது.

கடைக்கு மாறிய சமையல்

இரண்டு தலைமுறைகளுக்கு முன்புவரை இனுயிட் குடும்பங்கள் விலங்குகளின் பருவ நகர்வைத் தொடர்ந்து இடம்பெயர்ந்து வாழ்ந்தன. 1950களிலும் 1960களிலும் கனடா அரசு பள்ளி, மருத்துவமனை, வீடு என்று காரணம் காட்டி அவர்களை நிலையான ஊர்களில் குடியமர்த்தியது. வேட்டைக்களங்கள் தொலைவாயின. கடை பக்கத்தில் வந்தது. மைதா, சர்க்கரை, தேயிலை, டின் உணவு ஆகியவை முன்பே வணிகர்கள் வழியாக அறிமுகமானவைதான். இப்போது அவை அன்றாட உணவாயின. மைதாவில் செய்யும் பானக் ரொட்டியும் தேநீரும் இன்று இனுயிட் வீடுகளில் பரவலாக உண்டு. அடுத்த தலைமுறைக்கு இவற்றோடு சர்க்கரைப் பானமும் உருளைக்கிழங்கு சிப்ஸும் சேர்ந்தன.

இந்த மாற்றம் வயதின்படி தெளிவாகத் தெரிகிறது. முதியவர்கள் இன்றும் வேட்டை உணவை விரும்பி உண்கிறார்கள். இளையவர்களின் தட்டில் அது குறைவு. மாதவிலக்காலும் மகப்பேறாலும் இரும்பை அதிகம் இழக்கும் வயதும் அந்த இளம் வயதுதான். உடலுக்கு மிகவும் தேவைப்படும் ஆண்டுகளில்தான் தட்டில் இரும்பு குறைந்துபோகிறது. கருவுற்ற பெண்ணுக்கு நாளொன்றுக்கு 27 மில்லிகிராம் வேண்டும். தாயின் சேமிப்பு குறைந்தால் குழந்தையும் குறைந்த சேமிப்போடு பிறக்கும். வட ஒன்டாரியோவின் முதற்குடி (ஃபர்ஸ்ட் நேஷன்ஸ்) ஊர்களிலும் கனடாவின் வடகோடி ஆட்சிப்பகுதியான நுனாவுட்டின் இனுயிட் ஊர்களிலும் குழந்தைகளைச் சோதித்து 2005இல் வெளியிட்ட ஆய்வு, மூன்றில் ஒரு குழந்தைக்கு மேல் இரத்தசோகை இருப்பதைக் காட்டியது.

வேட்டைக்காரர் இல்லாத வீடு

நுனாவுட்டின் 25 ஊர்களில் ஒன்றுக்குக்கூடத் தென்கனடாவிலிருந்து சாலை இல்லை. கோடையில் பனி உருகும் சில வாரங்களில் கப்பல் வரும். மற்ற நாட்களில் விமானம்தான். காய்கறியும் பாலும் இறைச்சியும் தெற்கில் விற்பதைப்போல இரண்டு மடங்கு, மூன்று மடங்கு விலைக்கு விற்கின்றன. 2012இல் லீசி பபாட்சி தொடங்கிய ‘ஃபீடிங் மை ஃபேமிலி’ இயக்கத்தில் மக்கள் கடைகளின் விலைச்சீட்டுகளைப் படமெடுத்து வெளியிட்டபோதுதான் தென்கனடா இதைக் கண்கொண்டு பார்த்தது. 2007-08 ஆய்வின்படி இனுயிட் குடும்பங்களில் ஏறத்தாழ 63 சதவீதத்துக்கு உணவுப் பாதுகாப்பு இல்லை. நுனாவுட்டில் இது 70 சதவீதத்தை ஒட்டியிருந்தது. கனடா முழுமைக்குமான அளவோ அப்போது பத்து சதவீதத்துக்கும் கீழ்.

கடை உணவுக்குப் பணமில்லை என்றால் வேட்டைக்குப் போகலாமே என்று தோன்றும். வேட்டைக்கும் பணம் வேண்டும். பனியில் ஓட்டும் ஸ்னோமொபைல், அதற்கு எரிபொருள், உதிரிபாகம், தோட்டா, படகு, கூடாரம் என்று செலவு நீளும். முன்பு இந்தச் செலவைச் சீல் தோல் விற்ற பணம் ஈடுகட்டியது. 1983இல் ஐரோப்பிய சமூகம் சீல் குட்டிகளின் தோல் இறக்குமதியைத் தடை செய்தது. இனுயிட் மக்கள் வேட்டையாடுவது வளர்ந்த வளையச் சீல்களை. தடை அவற்றைக் குறிவைக்கவில்லை. ஆனாலும் சீல் தோல் என்றாலே வாங்க ஆளில்லாமல் சந்தை முழுவதும் சரிந்தது. 2009இல் ஐரோப்பிய ஒன்றியம் எல்லாச் சீல் பொருள்களையும் தடுத்தபோது இனுயிட் மக்களுக்கு விலக்கு அளித்தது. சந்தையே அழிந்தபின் விலக்கால் என்ன பயன்? அலேதியா அர்னாகுக்-பாரில் 2016இல் எடுத்த ‘ஆங்கிரி இனுக்’ ஆவணப்படம் இந்த அநீதியை உலகுக்குச் சொன்னது.

துருவ மான்களும் குறைந்துவிட்டன. கிழக்குக் கனடாவின் லாப்ரடோர், கியூபெக் எல்லையில் திரியும் ஜார்ஜ் ஆற்று மந்தை 1990களில் ஏழெட்டு லட்சமாக இருந்தது. 2016இல் 9,000 அளவுக்குச் சுருங்கிவிட்டது. 2013இல் லாப்ரடோரில் அதன் வேட்டைக்குத் தடை வந்தது. பாஃபின் தீவில் மான்கள் 5,000க்கும் கீழே போனதால் 2015 தொடக்கத்தில் நுனாவுட் அரசு வேட்டையையே நிறுத்தியது. பிறகு ஆண்டுக்கு 250 ஆண் மான்களுக்கு மட்டும் அனுமதி தந்தது. கடல் பனி தாமதமாக உறைந்து முன்னதாக உருகுவதால் சீல் வேட்டைக்கான பாதைகளும் ஆபத்தானவையாகிவிட்டன.

இந்தச் சுமை எல்லா வீடுகள் மேலும் ஒரேபோல விழவில்லை. நுனாவுட்டின் இக்லூலிக் ஊரில் மோட் போமியே, ஜேம்ஸ் ஃபோர்டு ஆகியோர் பெண்களிடம் பேசி 2010இல் வெளியிட்ட ஆய்வு இங்கே முக்கியமானது. வீட்டில் வேட்டைக்காரர் இல்லாத பெண்கள், தனித்து குழந்தை வளர்க்கும் தாய்மார்கள், நிலையான வருமானம் இல்லாதவர்கள் ஆகியோரே அதிகம் பட்டினி கிடந்தார்கள். இருப்பதைப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டுத் தாய் தன் வேளையைத் தவிர்க்கிறாள். இனுயிட் வாழ்வில் இறைச்சியைப் பங்கிட்டு உண்பது அறமாகவே இருந்துவருகிறது. வேட்டையே சுருங்கும்போது பங்கும் சுருங்குகிறது, தொலைவிலிருக்கும் உறவுக்கு அது எட்டுவதில்லை.

ஜேமிசன் குழு 2013இல் வெளியிட்ட முடிவை இந்தப் பின்னணியில் வைத்துப் படிக்க வேண்டும். கடல் உணவு அதிகம் உண்டால் இரத்தத்தில் ஒமேகா-3 கொழுப்பு அமிலங்கள் கூடும். இவை இரத்தம் உறைவதைத் தாமதப்படுத்துபவை. கிரீன்லாந்து மக்களுக்குக் காயத்தில் இரத்தம் நிற்க நேரமாகிறது என்று டேனிஷ் ஆய்வாளர்கள் டயர்பெர்க்கும் பாங்கும் 1979இலேயே எழுதியிருந்தார்கள். அப்படியானால் கடல் உணவே மாதவிலக்கு இரத்த இழப்பைக் கூட்டி இரும்பைக் குறைக்கிறதோ என்ற ஐயம் நியாயமானது. ஆய்வு காட்டியதோ இதற்கு நேர்மாறு. உணவுப் பற்றாக்குறை உள்ள வீட்டுப் பெண்களிடம் ஒமேகா-3 கூடக்கூட இரும்பு வற்றும் ஆபத்து குறைந்தது. கடல் இறைச்சி கிடைத்த ஏழைப் பெண்ணுக்கு அது காப்பாக நின்றது என்பதே இதன் நேரான விளக்கம்.

வயிற்றில் கசியும் இரத்தம்

உணவு மட்டும் முழுக்காரணம் என்று சொன்னால் அது அரைகுறை ஆய்வாகிவிடும். அலாஸ்காவின் தென்மேற்கில் வாழும் யூபிக் மக்கள், இனுயிட் மக்களுக்கு நெருங்கிய உறவினர். அவர்கள் உணவில் இரும்பு போதுமான அளவு இருந்தும் இரும்புக் குறைபாடு பரவலாக இருந்தது. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தைச் சேர்ந்த ரே யிப் குழு 1997இல் இதன் காரணத்தை வெளியிட்டது. சோதித்தவர்களில் மிகப் பெரும்பாலோரின் மலத்தில் கண்ணுக்குத் தெரியாத இரத்தம் இருந்தது. எண்டோஸ்கோப்பியில் அநேகமாக எல்லோரின் இரைப்பையிலும் அழற்சி தெரிந்தது. காரணம் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற பாக்டீரியா.

இந்தக் கிருமி இரும்பைப் பல வழிகளில் குறைக்கிறது. புண்ணிலிருந்து இரத்தம் சிறிது சிறிதாகக் கசிகிறது. இரைப்பை அமிலம் குறைவதால் இரும்பு கரையாமல் போகிறது. அழற்சியால் கல்லீரல் ஹெப்சிடின் என்ற இயக்குநீரை அதிகம் சுரக்கிறது. அது குடலிலிருந்து இரும்பு இரத்தத்துக்குள் போகும் வாசலை அடைத்துவிடுகிறது. அந்த நிலையில் மாத்திரை கொடுத்தாலும் பயன் குறைவு.

கிருமியைக் கொன்றால் போதாதா? மேற்கு அலாஸ்காவில் 7 முதல் 11 வயதுக் குழந்தைகளுக்குக் கிருமிக்கொல்லி மருந்து கொடுத்துப் பார்த்த ஆய்வு 2006இல் வெளிவந்தது. 14 மாதங்கள் கழித்தும் இரும்பு நிலை தேறவில்லை. பலருக்குத் தொற்று விலகவில்லை, அல்லது திரும்பி வந்துவிட்டது. நீண்ட காலம் தொற்றில்லாமல் இருந்த குழந்தைகளிடம்தான் பின்னாளில் இரத்தசோகை குறைந்தது. ஒரே வீட்டில் பலர் நெருக்கியடித்து வாழும்போது, தண்ணீரை லாரி கொண்டுவந்து தொட்டியில் நிரப்பும் ஊரில், தொற்று திரும்பாமலிருப்பது கடினம். ஆகவே வீடும் தண்ணீரும்கூட இரும்புச் சத்தின் கணக்கில் சேர்கின்றன.

நச்சும் அறிவுரையும்

வேட்டை உணவை உண்ணச் சொல்லும்போது அதில் சேர்ந்துள்ள நச்சையும் சொல்லியாக வேண்டும். தெற்கின் தொழிற்சாலைகள் கக்கிய பாதரசமும் பிசிபி வேதிப்பொருள்களும் காற்றிலும் கடலிலும் வடக்கே வந்து, கடல் விலங்குகளின் கொழுப்பிலும் ஈரலிலும் தேங்குகின்றன. நுனாவிக் தாய்மார்களின் பாலில் பிசிபி அளவு தென்கியூபெக் தாய்மார்களின் பாலில் உள்ளதைப்போல ஐந்து மடங்கு இருப்பதை ஆய்வாளர் எரிக் டேவாய் 1980களின் இறுதியில் கண்டபோது உலகம் அதிர்ந்தது. தாங்கள் உண்டாக்காத நஞ்சைத் தங்கள் பிள்ளைகளுக்கு ஊட்ட நேர்ந்தது அந்தத் தாய்மார்களுக்கு. இந்த நச்சுக்கு எதிராக எழுந்த போராட்டத்தின் பயனாகவும் 2001இல் இத்தகைய வேதிப்பொருள்களைக் கட்டுப்படுத்தும் ஸ்டாக்ஹோம் ஒப்பந்தம் உருவானது; அதன்பின் அளவுகள் இறங்கிவருகின்றன.

இரும்பு குறைந்த உடல் ஈயத்தையும் அதிகம் உறிஞ்சும் என்பது இன்னொரு கவலை. பறவை வேட்டைக்கு ஈயக் குண்டுகளைப் பயன்படுத்துவது 1999இல் தடைசெய்யப்பட்ட பிறகு, நுனாவிக்கில் பிறந்த குழந்தைகளின் தொப்புள்கொடி இரத்தத்தில் ஈயம் குறைந்தது.

அறிவுரை எப்படிச் சொல்லப்படுகிறது என்பதும் உடல்நலத்தைத் தீர்மானிக்கும். கடல் இறைச்சி நஞ்சு என்று பொத்தாம்பொதுவாகச் சொன்னால், பயந்த பெண் சிப்ஸுக்கும் சர்க்கரைப் பானத்துக்கும் மாறிவிடுவாள். 2012இல் நுனாவுட் அரசு சொன்ன முறை சரியானது. கருவுற்றிருப்பவர்களும் கருவுறக்கூடியவர்களும் வளையச் சீலின் ஈரலைத் தவிர்த்து, அதன் இறைச்சியை உண்ணலாம் என்றது. எதை விட வேண்டும், அதற்குப் பதில் எதை எடுத்துக்கொள்ள வேண்டும் என்ற இரண்டும் அதில் இருந்தன. நுனாவிக்கில் 2011இல் கர்ப்பிணிகளுக்குப் பெலுகா இறைச்சியைக் குறைக்கச் சொன்னார்கள். பாதரசம் குறைந்த ஆர்க்டிக் சார் மீனை அவர்களுக்கு இலவசமாக வழங்கும் திட்டமும் அங்கே நடந்தது.

எங்கே செலவிட வேண்டும்?

வடகோடி ஊர்களின் உணவு விலையைக் குறைக்கக் கனடா அரசு 2011இல் ‘நியூட்ரிஷன் நார்த்’ மானியத் திட்டத்தைத் தொடங்கியது. மானியம் கடைக்காரர்களிடம் போகிறது. அது முழுவதும் வாங்குபவருக்கு விலைக்குறைப்பாகச் சேர்கிறதா என்பதை அரசு உறுதிசெய்யவில்லை என்று தலைமைத் தணிக்கையாளர் 2014இல் குறை சொன்னார். வேட்டைக்குப் போகிறவர்களுக்கு உதவும் மானியம் 2020இல்தான் இதில் சேர்ந்தது. நுனாவிக் மக்களோ அரசுடன் செய்துகொண்ட 1975 ஒப்பந்தத்தின் வழியே வேட்டை ஆதரவுத் திட்டத்தைப் பல ஆண்டுகளுக்கு முன்பே பெற்றுவிட்டார்கள். ஊராட்சி, வேட்டைக்காரரிடம் இறைச்சியை விலைக்கு வாங்கிப் பொதுக் குளிர்ப்பெட்டியில் வைக்கிறது, தேவைப்படுபவர் எடுத்துக்கொள்கிறார். வேட்டைக்காரர் இல்லாத வீட்டுப் பெண்ணுக்கும் இறைச்சி கிடைக்க இதைவிட நல்ல வழி இல்லை. பங்கிடும் அறமும் இதில் குலைவதில்லை.

அந்தக் குளிர்ப்பெட்டிகளை எல்லா ஊர்களிலும் வைத்து, கருவுற்றவர்களுக்கும் தனித்த தாய்மார்களுக்கும் முதல் பங்கு ஒதுக்க வேண்டும். இளம்பெண்களுக்கு ஹீமோகுளோபினோடு ஃபெர்ரிட்டினையும் அழற்சியையும் சேர்த்துச் சோதிக்க வேண்டும். இரும்பு மாத்திரை தேவைப்படுபவருக்குக் கட்டாயம் கிடைக்க வேண்டும். அது மட்டுமே போதும் என்று இருந்துவிடக் கூடாது. நெருக்கடியில்லாத வீடும் தூய தண்ணீரும் இல்லாமல் கிருமி ஒழியாது. கனடா இனுயிட் மக்களின் தேசிய அமைப்பான இனுயிட் தபிரீட் கனாதமி 2021இல் வெளியிட்ட உணவுப் பாதுகாப்புத் திட்டம், உணவு குறித்த முடிவுகளை இனுயிட் மக்களே எடுக்க வேண்டும் என்கிறது. இத்தனை ஆய்வுகளும் அதையே வழிமொழிகின்றன.

இனுயிட் பெண்களின் இரத்தசோகைக்கு வேண்டிய மருந்தில் பெரும்பகுதி அவர்களின் கடலிலேயே இருக்கிறது. அதைக் கரைக்குக் கொண்டுவரும் படகின் எரிபொருளையும் வேட்டைக்காரரின் கூலியையும் நலத்துறையின் செலவாகவே கனடா எழுத வேண்டும்.